உங்கள் வானம் வழியாக ஆங்கிலம்: விண்வெளி, விண்மீன் சொற்களும் மரபுத்தொடர்களும் கற்க முழு வழிகாட்டி

'டிசாஸ்டர்' என்ற சொல்லைக் கேட்டிராதவர்கள் குறைவு. பெருங்கேடு என்று பொருள். அதை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு விண்மீன் கிடக்கிறது. 'டிஸ்' என்றால் கெட்டது, 'ஆஸ்டர்' என்றால் விண்மீன். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல் இது. கெட்ட விண்மீன் செய்த வேலை என்பதுதான் அதன் பழைய பொருள். காரியம் கெட்டுப்போனால் 'எல்லாம் என் கிரகம்' என்று தலையில் அடித்துக்கொள்கிறோமே, அதே எண்ணம்தான்.

நான் சொல்லப்போகும் முறை முழுக்க இப்படிப்பட்டது. தமிழ் பேசுகிறவர் எவரிடமும் ஏற்கெனவே ஒரு வானம் இருக்கிறது. அதில் வளர்பிறை உண்டு, தேய்பிறை உண்டு, விடிவெள்ளி உண்டு, தலைக்கு மேல் சுற்றும் கிரகக் கோளாறும் உண்டு. அந்த வானத்தின் மேல் ஆங்கில வானத்தை வைத்துப் பாருங்கள். பொருந்தும் இடத்தில் சொல் சுலபமாக வந்துவிடும். பிசகும் இடத்தில் அது மறக்கவே மறக்காது. அகர வரிசையில் நூறு சொற்களை உருப்போட்டு மறுவாரம் மறப்பதைவிட இது மேல்.

தொடங்கும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆங்கிலச் சொற்களை ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் தருகிறேன். முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் அகராதியில் தேடி, எழுத்துக்கூட்டலை உங்கள் கையால் நோட்டில் எழுதுங்கள். கொஞ்சம் அலுப்பான வேலைதான். ஆனால் தேடி எடுத்த சொல் ஒட்டிக்கொள்ளும், பார்த்து எழுதிய சொல் உதிர்ந்துவிடும்.

படி 1: வேரைப் பிடியுங்கள்

நோட்டில் ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கம் கிரேக்கத்திலிருந்து வந்த 'ஆஸ்ட்ரோ'. 'ஆஸ்ட்ரநாட்' என்றால் நேர்ப்பொருளில் விண்மீன் மாலுமி. பின்பாதியில் இருப்பது கடலோடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ரஷ்யர்கள் அதே மாலுமியைப் பிரபஞ்சத்தில் விட்டு 'காஸ்மநாட்' என்றார்கள். அச்சில் வரும் சிறு நட்சத்திரக் குறி 'ஆஸ்டரிஸ்க்', அதாவது குட்டி விண்மீன். 'ஆஸ்டராய்ட்' என்றால் விண்மீன் போன்றது. சிறுகோள்கள் தொலைநோக்கியில் வட்டமாகத் தெரியாமல் விண்மீன்போல வெறும் புள்ளியாகத் தெரிந்ததால் 1802இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார்.

இதே பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடும் போட்டுக்கொள்ளுங்கள். 'அஸ்ட்ரானமி' வானியல், 'அஸ்ட்ராலஜி' சோதிடம். வானியலாளர் ஒருவரிடம் போய் இரண்டாவதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தால் வித்தியாசம் ஆயுளுக்கும் மறக்காது.

அடுத்த பக்கம் லத்தீன் 'ஸ்டெல்லா'. இதுவும் விண்மீன்தான். 'கான்ஸ்டலேஷன்' விண்மீன் குழு. பன்னாட்டு வானியல் ஒன்றியக் கணக்கில் அவை மொத்தம் 88. 'ஸ்டெல்லர்' என்பது விண்மீன் சார்ந்தது, கூடவே மிகச் சிறந்தது என்றும் பொருள். ஒருவருடைய வேலையை 'ஸ்டெல்லர் பெர்ஃபாமன்ஸ்' என்றால் அதற்கு மேல் பாராட்டு தேவையில்லை.

'பிளானட்' என்றால் கிரேக்கத்தில் அலைவது. மற்ற விண்மீன்கள் இடம் மாறாதிருக்க, இவை மட்டும் திரிந்ததால் அந்தப் பெயர். சங்கப் பாடல்கள் நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் இரண்டையும் பிரித்தே சொல்கின்றன. 'காமெட்' இன்னும் வேடிக்கை. நாம் வால் என்று பார்த்ததை கிரேக்கர்கள் கூந்தல் என்று பார்த்தார்கள். அந்தச் சொல்லுக்கு நீண்ட முடியுடையது என்று பொருள். 'கேலக்ஸி'க்குள் இருப்பது பால். பால்வழி என்ற தமிழ்ச் சொல்லும் 'மில்கி வே'யும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்.

'எக்லிப்ஸ்' எனக்குப் பிடித்த பக்கம். கிரகணம் என்ற சொல்லுக்குப் பிடித்தல் என்று பொருள்; சூரியனை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. கிரேக்கச் சொல்லுக்கோ கைவிடுதல் என்று பொருள். சூரியன் நம்மை விட்டுப் போய்விட்டது. ஒரே நிகழ்வு, இரண்டு பயங்கள். இன்றைய ஆங்கிலத்தில் 'எக்லிப்ஸ்' வினைச்சொல்லாகவும் வரும். தங்கையின் புகழ் அக்காவை மறைத்துவிட்டால், தங்கை அக்காவை 'எக்லிப்ஸ்' செய்துவிட்டாள்.

நிலவுக்கு இரண்டு வேர்கள். ஒன்று 'மூன்', இன்னொன்று லத்தீன் 'லூனா'. 'மூன்' என்பதற்கும் மாதத்தைக் குறிக்கும் 'மன்த்' என்பதற்கும் உறவு உண்டு. நம் திங்கள் ஒரே சொல்லாக நின்று இரண்டையும் தாங்குகிறது. 'லூனா'விலிருந்து 'லூனர்' வந்தது, 'லூனடிக்' வந்தது. நிலவு மனிதர்களின் புத்தியைத் தடுமாறச் செய்யும் என்ற பழைய நம்பிக்கையின் மிச்சம் அது. இரண்டாவதைப் புரிந்துகொள்ள மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், யாரையும் சொல்லாதீர்கள். மனநலம் குன்றியவர்களை இழிவுபடுத்தும் சொல் என்பதால் 2012இல் அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்தே அதை நீக்கினார்கள்.

இந்தப் படியை முடிக்கும் முன் கிழமைகளைப் பாருங்கள். 'சண்டே' ஞாயிறு, 'மண்டே' திங்கள், 'சாட்டர்டே' சனி. மூன்றும் நேராகவே பொருந்துகின்றன. நடுவில் உள்ள நான்கில் ரோமானியக் கடவுளரை நகர்த்திவிட்டு வட ஐரோப்பியக் கடவுளர் உட்கார்ந்துகொண்டார்கள். ஆனால் இடம் மாறவில்லை. செவ்வாய்க்குப் போர்க்கடவுள்தான், வியாழனுக்கு இடிக்கடவுள்தான். இதை வைத்து நான்கு குணச்சொற்களை ஒரே மூச்சில் பிடிக்கலாம். செவ்வாயிலிருந்து 'மார்ஷல்', போர் சார்ந்தது. புதனிலிருந்து 'மெர்க்யூரியல்', நொடிக்கு நொடி மனம் மாறுகிறவர். வியாழனுக்கு 'ஜோவ்' என்றும் பெயர் உண்டு. அதிலிருந்து 'ஜோவியல்', கலகலப்பானவர். சனியிலிருந்து 'சாட்டர்னைன்', எப்போதும் இறுகிய முகத்தோடு இருப்பவர். சனியை எங்கேயும் யாரும் நல்லவனாகப் பார்க்கவில்லை போலும்.

படி 2: குழப்பும் பெயர்களைப் பிரியுங்கள்

விண்கல் ஒன்று விண்வெளியில் மிதக்கும்போது 'மீட்டியராய்ட்', காற்றுமண்டலத்தில் எரிந்து கோடு போடும்போது 'மீட்டியர்', தரையில் வந்து விழுந்துவிட்டால் 'மீட்டியரைட்'. அந்தக் கோட்டைத்தான் பேச்சில் 'ஷூட்டிங் ஸ்டார்' என்கிறார்கள். அது விண்மீன் இல்லை. 'மார்னிங் ஸ்டார்' என்பதும் விண்மீன் இல்லை, வெள்ளிக் கோள்.

'நியூ மூன்' என்பது புதிதாகத் தெரியும் பிறை அல்ல, அமாவாசை. பிறைக்குக் 'கிரெசன்ட்' என்று பெயர். பாதிக்கு மேல், முழுமைக்குக் கீழ் உள்ள நிலவுக்கு 'கிப்பஸ்'. வளர்வது 'வேக்ஸ்', தேய்வது 'வேன்'. இந்த இரண்டு வினைகளும் வானத்தைவிட்டு இறங்கி ஆர்வத்துக்கும் செல்வாக்குக்கும் வரும். ஆர்வம் ஏறி இறங்கினால் அது 'வேக்ஸ் அண்ட் வேன்' ஆகிறது.

தமிழருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. நட்சத்திரம் என்று நாம் சாதகத்தில் சொல்வதும் ஆங்கிலத்தின் 'ஸ்டார் சைன்' என்பதும் ஒன்றல்ல. 'வாட்ஸ் யுவர் ஸ்டார் சைன்?' என்று கேட்டால் ராசியைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டில் ஒன்றை அவர் எதிர்பார்க்க, நீங்கள் 27இல் ஒன்றைச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதிலும் மேற்கத்திய ராசி பிறந்த தேதியன்று சூரியன் நின்ற இடத்தைப் பொறுத்தது. நம் ராசி நிலவின் இடத்தைப் பொறுத்தது. இரண்டும் பெரும்பாலும் வேறுவேறாகவே வரும்.

படி 3: சின்னச் சொற்களில் கவனம்

'இன் ஸ்பேஸ்' என்பதே சரி. விண்வெளியைச் சொல்லும்போது நடுவில் 'த' போட்டு 'இன் த ஸ்பேஸ்' என்று எழுதுவது நம்மில் பலர் செய்யும் தவறு. 'த' வந்துவிட்டால் ஏதோ ஓர் இடைவெளிக்குள் என்று பொருள் மாறிவிடும். சூரியனுக்கும் நிலவுக்கும் 'த' வேண்டும்: 'த சன்', 'த மூன்'. கோள்களுக்கு வேண்டாம்: 'மார்ஸ்', 'வீனஸ்'. பூமி இரண்டு பக்கமும் சாயும். வானத்தில் 'இன் த ஸ்கை', நிலவின் மேல் 'ஆன் த மூன்', செவ்வாயில் 'ஆன் மார்ஸ்', சுற்றுப்பாதையில் 'இன் ஆர்பிட்'. இதை விதியாகப் படிப்பதைவிட ஐந்தையும் ஐந்து வாக்கியமாக எழுதிச் சுவரில் ஒட்டுவது நல்லது.

இந்தச் சின்னச் சொற்கள் அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு 1969 ஜூலையில் நடந்ததைச் சொல்வேன். நிலவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங், ஒரு மனிதனுக்குச் சின்ன அடி, மனிதகுலத்துக்குப் பெரும் பாய்ச்சல் என்ற பொருளில் பேசினார். ஒலிப்பதிவில் 'ஃபார் மேன்' என்றுதான் கேட்கிறது. 'ஃபார் எ மேன்' என்று சொன்னதாகவே தாம் நினைத்ததாக அவர் சொன்னார். அந்த 'எ' இல்லாவிட்டால் 'மேன்' என்பதும் மனிதகுலம் என்றே ஆகி, வாக்கியத்தின் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும். ஓர் எழுத்து வாயிலிருந்து வந்ததா இல்லையா என்று இன்றுவரை வாதம் ஓய்ந்தபாடில்லை. தமிழில் இந்த 'எ', 'த' சங்கதியே இல்லாததால் நாம் விட்டுவிடுவது இயல்பு. ஆர்ம்ஸ்ட்ராங்குக்கே சறுக்கியது என்று நினைத்துக்கொண்டு தைரியமாகப் பழகுங்கள்.

படி 4: அழுத்தம் நகர்வதைக் காதால் பிடியுங்கள்

தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசைமேல் ஏறி உட்கார வேண்டும். 'ஆஸ்ட்ரநாட்' முதல் அசையில் அழுத்தம், 'அஸ்ட்ரானமி' இரண்டாவதில், 'ஆஸ்ட்ரநாமிக்கல்' மூன்றாவதில். 'கேலக்ஸி' முதலில், 'கலாக்டிக்' இரண்டாவதில். வேட்டைக்காரன் விண்மீன் குழுவை 'ஓரியன்' என்று சொல்லாதீர்கள். அது 'ஒரையன்', நடுவில் அழுத்தம். அகராதிச் செயலியில் ஒலிப்பெருக்கிப் பொத்தானை அழுத்தி மூன்று முறை கேட்டு, மூன்று முறை சொன்னால் போதும்.

படி 5: மரபுத்தொடருக்குத் தமிழ் ஜோடி தேடுங்கள்

இதுதான் வழிகாட்டியின் நடு. ஒவ்வொரு தொடருக்கும் நோட்டில் நான்கு வரி: ஆங்கிலத் தொடர், அதற்கு நெருங்கிய தமிழ் வழக்கு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், உங்கள் சொந்த வாக்கியம். மூன்றாவது வரிதான் உயிர். அதை எழுத முடியவில்லை என்றால் தொடர் இன்னும் பிடிபடவில்லை.

'ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்றால் மிக அரிதாக. ஜோடி: அத்தி பூத்தாற்போல. வித்தியாசம் என்ன? அத்திப்பூ கண்ணுக்குத் தெரியாது. நீல நிலவு வரும். ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு முழுநிலவு வந்தால் இரண்டாவதை 'புளூ மூன்' என்கிறார்கள். நிலவின் சுற்று 29.5 நாள் என்பதால் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இது அமையும். 2023 ஆகஸ்டில் அமைந்தது. நிறம் நீலமாக இருக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரே மாதத்தில் இரண்டாவது என்ற இந்த விளக்கமே 1946இல் ஒரு வானியல் இதழில் வந்த கட்டுரையின் பிழை. பழைய பஞ்சாங்கம் ஒன்றின் கணக்கைக் கட்டுரையாளர் தப்பாகப் புரிந்துகொள்ள, அதுவே நிலைத்துவிட்டது.

'பிராமிஸ் த மூன்' என்றால் முடியாததைத் தருவதாக வாக்குக் கொடுப்பது. ஜோடி: வானத்தை வில்லாக வளைப்பேன், மணலைக் கயிறாகத் திரிப்பேன். வாக்கு கொடுப்பவரை விட்டுக் கேட்பவர் பக்கம் வந்தால் 'ஆஸ்க் ஃபார் த மூன்', எட்டாக்கனிக்கு ஆசைப்படுவது. 'ஓவர் த மூன்' என்றால் மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல் இருப்பது. நாம் மகிழ்ச்சியில் உடம்பைத் தொலைக்கிறோம், அவர்கள் நிலவைத் தாண்டுகிறார்கள்.

தலையில் அடிபட்டால் ஆங்கிலேயர் 'சீ ஸ்டார்ஸ்', விண்மீன்களைக் காண்கிறார்கள். நமக்குக் கண்ணில் பூச்சி பறக்கிறது. விதியை 'ரிட்டன் இன் த ஸ்டார்ஸ்' என்கிறார்கள், விண்மீன்களில் எழுதியது. நமக்குத் தலையெழுத்து. எழுத்து ஒன்றே, எழுதிய பலகைதான் வேறு. 'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்பதில் வெயில் இருக்கும்போதே வைக்கோலைக் காயவை என்கிறார்கள். ஜோடி சொல்லாமலே வந்திருக்கும்: காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். ஒன்றுக்கு வெயில், ஒன்றுக்குக் காற்று. இரண்டும் அறுவடையின் கவலை.

விலை ஏறினால் இரண்டு மொழியும் மேலே பார்க்கின்றன. விண்ணை முட்டும் விலை, 'ஆஸ்ட்ரநாமிக்கல் பிரைஸ்'. 'எவ்ரிதிங் அண்டர் த சன்' பற்றிப் பேசினோம் என்றால் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசினோம் என்று பொருள். 'டாக் டேஸ்' என்று படித்தவுடன் நாய் படாத பாடு என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டின் கொளுத்தும் வெயில் நாட்கள் அவை. நாய் விண்மீன் என்று பெயர்பெற்ற 'சிரியஸ்' சூரியனோடு சேர்ந்து உதிக்கும் காலத்தை ஒட்டி வந்த பெயர். அக்னி நட்சத்திரம் என்ற சொல்லும் கோடையை ஒரு விண்மீன் தலையில்தான் கட்டுகிறது.

ஜோடி போலத் தெரிந்து ஏமாற்றுபவையும் உண்டு. 'அவுட் ஆஃப் த புளூ' என்றால் சற்றும் எதிர்பாராமல், திடுதிப்பென்று. வானத்திலிருந்து குதித்தது என்று நேராகப் பெயர்த்தால் கெட்டது கதை. 'இவன் என்ன வானத்திலிருந்து குதித்தவனா?' என்றால் நம்மிடம் அது கர்வத்தைக் கேலி செய்வது. அந்தக் கர்வத்துக்கு எதிர்ப்பதம்தான் 'டவுன் டு எர்த்', பந்தா இல்லாமல் பழகுபவர். அது முழுப் பாராட்டு.

'லைட் இயர்' இன்னொரு ஏமாற்று. பெயரில் ஆண்டு இருந்தாலும் அது தூரம்: ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். சூரியனுக்கு அடுத்து நமக்கு அருகில் உள்ள விண்மீனே 4.2 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 'லைட் இயர்ஸ் அஹெட்' என்றால் எட்டமுடியாத அளவு முன்னால் இருப்பது. பேச்சில் 'லைட் இயர்ஸ் அகோ' என்று காலத்துக்கும் சிலர் சொல்வார்கள். புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் எழுதாதீர்கள். வெகுகாலத்துக்கு முன் என்று சொல்ல 'மெனி மூன்ஸ் அகோ' இருக்கிறது, சற்றே விளையாட்டான தொனியில்.

படி 6: ராக்கெட் தந்த சொற்கள்

'கவுன்ட்டவுன்', 'லாஞ்ச்', 'லிஃப்ட் ஆஃப்' எல்லாம் அலுவலகத்திலேயே புழங்குவதால் வேகமாகக் கடக்கலாம். 'மூன்ஷாட்' என்றால் துணிந்து எடுக்கும் பெருமுயற்சி. 'இட்ஸ் நாட் ராக்கெட் சயின்ஸ்' என்பதற்கு அசல் ஜோடி 'இது என்ன பிரம்மவித்தையா?'. அன்றைக்குப் பிரம்மம், இன்றைக்கு ராக்கெட்.

'ஹூஸ்டன், வீ ஹாவ் எ பிராப்ளம்' என்று மீம்களில் பார்த்திருப்பீர்கள். ஹூஸ்டன் என்பது நாசாவின் தரைக் கட்டுப்பாட்டு மையம் இருக்கும் அமெரிக்க ஊர். 1970 ஏப்ரலில் அப்போலோ 13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது வீரர்கள் சொன்னது அது அல்ல. 'வீவ் ஹேட் எ பிராப்ளம்' என்றார்கள். சிக்கல் ஒன்று நேர்ந்துவிட்டது என்ற பொருளில். 1995இல் வந்த திரைப்படம் அதை நிகழ்காலமாக்கியது, அதுவே நிலைத்தது. காலம் காட்டும் வினையின் வித்தியாசத்தை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இன்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் சிரிப்புக்குத்தான். உண்மையான ஆபத்தில் சொல்லாதீர்கள்.

கோள் பட்டியலிலிருந்து 2006இல் புளூட்டோவை நீக்கியபோது, பதவியிறக்கப்படுவதை 'புளூட்டோட்' என்று ஒரு வினையாக்கினார்கள். அமெரிக்க வட்டார வழக்குச் சங்கம் அதை அந்த ஆண்டின் சொல்லாகவும் தேர்ந்தெடுத்தது. அப்புறம் யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பாவம், அங்கேயும் புளூட்டோவுக்கு இடமில்லை.

படி 7: தொனியைச் சோதியுங்கள்

'ஸ்டார்' என்று தொடங்கும் மூன்று சொற்கள். 'ஸ்டார்ஸ்ட்ரக்' என்றால் பிரபலத்தைக் கண்டு வாயடைத்துப்போவது. 'ஸ்டார் கிராஸ்ட்' என்றால் விதி எதிர்த்துநின்ற, சேரமுடியாத காதலர்கள். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தின் முன்னுரையில் வருவது. 'ஸ்டாரி ஐட்' என்றால் கண்ணில் கனவு மின்ன, நடைமுறை தெரியாமல் இருப்பது. மூன்றாவதில் நான் மாட்டியிருக்கிறேன். மூத்த சக ஊழியர் ஒருவரின் திட்டத்தைப் பாராட்டி எழுதிய மின்னஞ்சலில், உற்சாகமானவர் என்று நினைத்து 'ஸ்டாரி ஐட்' என்று போட்டுவிட்டேன். 'விவரமில்லாதவன் என்கிறாயா?' என்று ஒருவரிப் பதில் வந்தது. அன்றிலிருந்து எந்தத் தொடரையும் மூன்று உண்மையான வாக்கியங்களில் பார்க்காமல் நான் எழுதுவதில்லை. நீங்களும் அகராதியின் பொருளோடு நிறுத்தாமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் பாருங்கள்.

'மூன்லைட்டிங்' கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு வேலையில் இருந்துகொண்டே, பெரும்பாலும் முதலாளிக்குத் தெரியாமல், இன்னொரு வேலை பார்ப்பது அது. நேர்முகத் தேர்வில் நிலவொளியில் நடப்பது பிடிக்கும் என்று சொல்ல இந்தச் சொல்லை எடுக்காதீர்கள். 'ஸ்பேஸ் அவுட்' என்றால் கவனம் எங்கோ போய்விடுவது. 'ஐ நீட் சம் ஸ்பேஸ்' என்று உங்களுக்கு நெருங்கியவர் சொன்னால் விண்வெளி பற்றிய பேச்சு அல்ல அது. கொஞ்சம் தனியாக விடச் சொல்கிறார்.

படி 8: இரவில் பழகுங்கள்

நாசா நடத்தும் 'ஆஸ்ட்ரானமி பிக்சர் ஆஃப் த டே' பக்கம் 1995 ஜூனிலிருந்து நாளுக்கு ஒரு படம் போடுகிறது. கீழே வானியலாளர் எழுதிய ஒரு சின்னப் பத்தி இருக்கும். பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். முதல் நாள் பத்தியைப் படித்து, தெரியாத சொற்களில் மூன்றை மட்டும் எடுங்கள். பத்து எடுத்தால் மறுநாள் பத்துமே போய்விடும். மூன்றாம் நாள் நோட்டைப் பார்க்காமல் அந்த மூன்றையும் சொல்லிப்பாருங்கள். ஏழாம் நாள் அதே படத்தைத் திறந்து, உங்கள் ஆங்கிலத்தில் நான்கு வரி பேசிப் பதிவுசெய்து கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். அந்த வெட்கத்திலேயே எந்த அசையை விழுங்கினோம் என்று தெரிந்துவிடும்.

மரபுத்தொடர்கள் வாரத்துக்கு இரண்டு போதும். எழுதுவதற்கு முன் பேச்சில் ஒருமுறையாவது வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வானம் தெளிவாக இருக்கும் இரவில் நோட்டை உள்ளே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். ஆடாமல் ஒளிரும் புள்ளி பெரும்பாலும் கோள். அதற்கு 'ஷைன்' அல்லது 'குளோ'. மினுங்குவது விண்மீன்; அதற்கு 'ட்விங்கிள்'. காற்றுமண்டலம் ஒளியை அலைக்கழிப்பதால் வரும் மினுங்கல் அது. பெயர்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். கார்த்திகை 'பிளயடீஸ்', ரோகிணி 'அல்டெபரன்', திருவாதிரை 'பீட்டில்ஜூஸ்', சித்திரை 'ஸ்பைக்கா', கேட்டை 'அன்டாரஸ்'. 'அல்டெபரன்' அரபுச் சொல், பின்தொடர்பவன் என்று பொருள். கார்த்திகைக் கூட்டத்தின் பின்னாலேயே அது வருவதைக் கண்ணால் பார்க்கலாம். நிலவு இருந்தால் அது 'வேக்ஸிங்'கா 'வேனிங்'கா, 'கிரெசன்ட்'டா 'கிப்பஸ்'ஸா என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். நிலவே இல்லையென்றால் 'நியூ மூன்' என்று சட்டென முடிவுகட்டாதீர்கள். இன்னும் உதிக்காமலும் இருக்கலாம், ஒரு மணிநேரம் கழித்து மறுபடி பாருங்கள்.